சாட்சிக்கு இரண்டு கெண்டை

பம்பு ஷெட் கதவை உதைத்துத் திறந்தபோது, மீன்பண்ணை முதலாளி குப்புறக் கிடந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது. போலீஸுக்கு முன்னால் ஈக்கள் வந்துவிட்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் குனிந்தாள். ஸ்டேஷனில் அவளுக்குப் பட்டப்பெயர் கத்திரி. எவன் பேச்சையும் பாதியிலேயே நறுக்கிவிடுவாள்.

இறந்தவரின் தலைமுடியில், சட்டைக் காலரில்... வெள்ளைப் பொடி.

விரலில் ஒற்றி எடுத்தாள். வெளியே வந்தாள்.

குளக்கரையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் வார்த்தையால் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இறந்தவரின் தம்பி. பண்ணையின் தீவன மில் அவன் பொறுப்பு. இன்னொருவர் பண்ணையிலேயே தங்கி வேலை பார்க்கும் மீன் டாக்டர்.

"இந்த ஆளுதான் மேடம்," என்றான் தம்பி. "நேத்து சாயங்காலம் எங்கண்ணன்கூட மல்லுக்கு நின்னான். பண்ணை பூரா கேட்டுச்சு."

"எதுக்கு மல்லு?"

"அது வந்து..."

"வந்தது போதும். டாக்டர், நீங்க சொல்லுங்க."

டாக்டர் வலையைக் குளத்தில் விட்டு ஒரு கெண்டையை அள்ளி, அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அதன் முதுகு அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. டாக்டர் விரலால் தலையை அழுத்த... நனைந்த அட்டைப்பெட்டி போல அமுங்கியது.

"பாஸ்பரஸ் பத்தல. அதான் எலும்புல உறுதியே இல்ல. சுண்ணாம்புச் சத்தைத் தண்ணியில இருந்தே மீன் எடுத்துக்கும் மேடம். பாஸ்பரஸ் மட்டும் தீவனத்துலதான் வரணும். இவன் மீன்தூளை நிறுத்திட்டு வெறும் புண்ணாக்கும் தவிடும் அரைச்சுப் போட்டான்."

"புண்ணாக்குல பாஸ்பரஸ் இருக்குடா," என்று பாய்ந்தான் தம்பி. "லேப்லயே பாத்தாச்சு."

"இருக்கு. பூட்டின பெட்டிக்குள்ள நகை இருக்கிற மாதிரி. அதைத் தொறக்க கெண்டையால முடியாது. அதுக்கு இரைப்பையே கிடையாது, உனக்கு வெக்கம் இல்லாத மாதிரி. அதுக்குத்தான் பாஸ்பேட் பொடி தனியா கலக்கணும்."

"கலந்தேன்."

"கலந்தியா? இரு."

டாக்டர் விடுவிடுவென்று தன் அறைக்குப் போனார். சோதனைத் தொட்டியிலிருந்து இன்னொரு கெண்டையோடு திரும்பினார். அம்பு மாதிரி நேராக இருந்தது.

"அதே குஞ்சு. அதே தண்ணி. அதே தீவனம். நான் பொடி சேத்துப் போட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

கத்திரி தன் விரலை நீட்டினாள்.

"முதலாளி தலையில இருந்துச்சு. இது என்ன பொடி டாக்டர்?"

"பாஸ்பேட்." பட்டென்று வந்தது பதில். "மில்லுல வச்சு அடிச்சிருக்கான். இழுத்துட்டு வந்து ஷெட்டுல போட்டிருக்கான்."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம்... உண்மையச் சொல்லிடறேன். நான் பொடி கலக்கவே இல்ல. ஒரு மூட்டைகூட மில்லுக்குள்ள வந்ததில்ல. தேடிப் பாருங்க. அண்ணனுக்கும் தெரியும்."

டாக்டர் சிரித்தார். "கேட்டீங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்."

"கேட்டேன்." அவள் சிரிக்கவில்லை. "மில்லுல பொடியே கிடையாது. அப்ப இந்தப் பண்ணையில பாஸ்பேட் வேற யார்கிட்ட இருக்கு டாக்டர்?"

டாக்டரின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

நேரான கெண்டை அவர் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்து துள்ளியது.

அவள் கண்ணைக் காட்ட, கான்ஸ்டபிள் டாக்டரின் அறைக்குள் நுழைந்தார். திரும்பி வந்தபோது கையில் கனமான தகர டப்பா. கட்டிலுக்கு அடியில் இருந்ததாம். மூடி நெளிந்து, விளிம்பில் ரத்தம் காய்ந்திருந்தது.

டாக்டர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டப்பாவை எடுத்துட்டுப் போயி ஷெட்டுல அவர்கிட்ட கெஞ்சினேன் மேடம். இதைக் கலந்தா போதும், குஞ்சுங்க பிழைக்கும்னு. அந்தாளு கேக்கல. கூனல் குஞ்சுங்களை மத்த பண்ணைங்களுக்குத் தள்ளிவிடப் போறேன், கேட்டா டாக்டர் குடுத்த மருந்தாலதான் கூனிப்போச்சுனு சொல்லுவேன்னான்... திரும்பி நின்னுக்கிட்டான்..."

அவர் நிமிர்ந்தார். கண்ணில் இன்னும் வெறி அடங்கவில்லை.

"இங்க எல்லாரும் அவனுக்கு முதுகு வளைஞ்சு நின்னாங்க. நான் மட்டும் வளையல மேடம். என் முதுகெலும்பு கடைசி வரைக்கும் நேராவே இருந்துச்சு."

கத்திரி விலங்கை மாட்டினாள்.

"முதுகெலும்பு நேராத்தான் இருந்துச்சு டாக்டர்... கையைத்தான் கொஞ்சம் நீட்டிட்டீங்க."