எட்டாம் நம்பர் சாவி

"சாவிய மெதுவாத் திருகுனா ஒண்ணும் கொறஞ்சு போயிடாதுங்க!"

கந்தவேல் எரிச்சலோடுதான் மாடியேறி வந்தான். எட்டாம் நம்பர் அறைக் கதவோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தவள் சட்டெனத் திரும்பினாள்.

அவ்வளவுதான்... திட்ட வந்ததே அவனுக்கு மறந்து போயிற்று. மழையில் நனைந்து வந்த முகம். இமையில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக் கொண்டிருந்தது. கோபத்தில்கூடக் கண்கள் இவ்வளவு அழகாக இருக்குமா என்ன?

"உங்க பூட்டு தொறக்கலீன்னா நான் என்னங்க பண்றது? நல்ல லாட்ஜு... நல்ல பூட்டு!"

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவனுடைய மாமா நடத்திய லாட்ஜ் அது. வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுப்பதும், போகிறவர்களிடம் திரும்ப வாங்கி மாட்டுவதும் கந்தவேலின் வேலை. சாவியை வாங்கிப் பார்த்தான். முனை வளைந்திருந்தது.

"இதுல கலர் பாட்டில் தொறந்தது யாருங்க?"

அவள் உதட்டைக் கடித்தாள். "...அப்பாதானுங்க."

"பூட்டுல எண்ணெய் வடியுதே?"

"அது நானுங்க. தேங்காயெண்ணெ. சுலுவாத் தொறக்குமுன்னு..."

"போச்சு! எண்ணெ அன்னிக்கு மட்டுந்தானுங்க வழுக்கும். அப்பறம் தூசியெல்லாம் புடிச்சு வெச்சு, களி மாதிரி கெட்டியாயிரும். இதுக்குப் பென்சில் கரி போதுங்க."

சாவியைத் தட்டி நிமிர்த்தினான். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். பென்சிலால் அதன் பற்களைத் தேய்த்து உள்ளே விட்டான். கதவு திறந்தது.

"பூட்டுக்கே இத்தன பாடமா! உங்களக் கட்டிக்க வாரவ பாவமுங்க..." என்று சிரித்துவிட்டு உள்ளே ஓடினாள். கந்தவேல் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் பெயர் சௌந்திரம். எடப்பாடிப் பக்கம் காடு கரை உள்ள குடும்பம். அம்மா கண்ணாத்தாளுக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் பிரிக்கும்வரை லாட்ஜ் வாசம். அந்த எட்டாம் நம்பர் பூட்டு அதற்கப்புறம் ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. ஆனால் பாருங்கள், "தொறக்கலீங்க" என்று சாவியைத் தூக்கிக்கொண்டு அவள் கீழே வருவது மட்டும் நிற்கவேயில்லை! அவனும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பென்சிலோடு மேலே போவான்...

ஊருக்குக் கிளம்பும் நாளில் மாடிப்படியில் நின்று மெல்லச் சொன்னாள். "அப்பாகிட்ட வந்து கேளுங்க. நான் வேண்டாமுன்னு சொல்ல மாட்டேனுங்க."

அப்பா சின்னுசாமி சாவியை ஒப்படைத்தபடி அவன் தோளைத் தட்டினார். "நல்ல பையனா இருக்கற சாமி. ஆனா அடுத்தவனுக்குச் சாவி எடுத்துக் குடுக்கறதெல்லாம் ஒரு பொழப்பா?"

அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். கந்தவேலுக்கோ சுருக்கென்று தைத்தது. 'ஒரு லாரியாவது சொந்தமாக வாங்கி, அதில் போய் இறங்கித்தான் பெண் கேட்பேன்...' என்று வீறாப்பாக உட்கார்ந்துவிட்டான். லாரி வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, அவள் கல்யாணம்தான் வந்தது.

மாப்பிள்ளை திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். மண்டபம் அடுத்த தெரு. பெண் வீட்டாருக்கு இதே லாட்ஜில் மாடி முழுவதும் எடுத்திருந்தார்கள். சௌந்திரம் எட்டாம் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாவியைக் கொடுத்தபோது அவனும் நிமிரவில்லை, அவளும் நிமிரவில்லை.

முகூர்த்த நாள் காலையில் மாடியே அலறியது. சேலை மாற்றுவதற்காக எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு உள்பக்கம் பூட்டிக்கொண்ட கல்யாணப் பெண்ணால், கதவைத் திறக்க முடியவில்லை!

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு தம்பி... கதவ ஒடச்சறட்டுமா?" சின்னுசாமிக்கு வியர்த்து ஊற்றியது.

"வேண்டாமுங்க. நானே தொறந்தர்றேன். எல்லாரும் கீழ போங்க, கூட்டம் நின்னா எனக்குக் கை ஓடாது."

வராந்தா காலியானது. அவன் மண்டியிட்டான். "சாவியக் கதவுக்கு அடியில தள்ளுங்க."

சாவி வந்தது. பற்களுக்கிடையில் மஞ்சள் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தான். தேங்காயெண்ணெய்... அதில் குழைத்த மஞ்சள் தூள்.

"சௌந்திரம்... இது தானா அடைச்சுக்கிட்டது இல்லையே?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க." கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில் கேட்டது குரல். "வேற எப்படி உங்களக் கூப்பிடுவேன்? ரெண்டு வருசமா ஊட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேனுங்க."

"உங்கப்பா அன்னிக்குச் சொன்னது..."

"அவரு அதை அன்னிக்கே மறந்துட்டாருங்க. எனக்கு மாப்ள பாக்கறப்ப என்ன சொன்னாரு தெரியுமா? 'அந்த லாட்ஜுப் பையனாட்டம் ஒருத்தன் கெடச்சாத் தேவல அம்மணி'ன்னாரு. நான் என்னன்னு சொல்லுவேன்... நீங்க வரவே இல்லையே!"

கந்தவேல் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். பாழாய்ப்போன வீறாப்பு! கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

"மொத நாள்ல இருந்தே உன்ன எனக்குப் புடிக்கும். இப்பவும் புடிக்கும்." கதவோடு ஒட்டிக்கொண்டு சொன்னான். "ஒரு வார்த்த சொல்லு, நான் இந்தக் கதவத் தொறக்கல."

உள்ளே வளையல்கள் குலுங்கி ஓய்ந்தன. அழுகிறாள்.

"அம்மா மண்டபத்துல உக்காந்திருக்குதுங்க... எங் கல்யாணத்தப் பாக்கோணும்னுதான் கண்ணையே சரி பண்ணுச்சு. அத எந்திரிச்சுப் போகச் சொல்ல எனக்கு மனசில்லீங்க. நீங்க இதச் சொல்லி ஒருக்காக் கேக்கோணும்னு இருந்தேன். கேட்டுட்டேன்... தொறந்து விடுங்க."

பூட்டுக்குள் மண்ணெண்ணெய் விட்டான். மஞ்சள் கரைந்து அவன் கையில் வழிந்தது. சாவியைத் துடைத்துப் பென்சிலால் தேய்த்தான். 'திரும்பிவிடாதே' என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாவியைக் கெஞ்சினான். அது சுலபமாகத் திரும்பியது.

வாசலில் முகூர்த்தச் சேலையில் நின்றாள். ஒரே ஒரு பார்வை... இமையில் அதே போல ஒரு துளி. இந்தத் தடவை அது விழுந்துவிட்டது. அவனைக் கடந்து படியிறங்கிப் போனாள்.

கீழே சின்னுசாமி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என் மானத்தக் காப்பாத்துன சாமி! நீ மட்டும் இல்லீன்னா..."

"அதுதானுங்களே என் பொழப்பு" என்றான் கந்தவேல்.