தொண்ணூற்று மூன்று தேங்காய்கள்

அந்த விளையாட்டுப் பெட்டியை இப்போது பார்த்தால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். வண்ணம் கிடையாது. படம் ஓடாது, இங்கே மறைந்து அங்கே தோன்றும். ஆனால் 1986-ஆம் வருடக் கோடை விடுமுறையில் மாரண்டஹள்ளிப் பக்கம் அதைவிடப் பெரிய அதிசயம் எதுவும் இல்லை. சகாயமேரியைக் கேட்டால், இன்றைக்கும் இல்லை என்பாள்.

அதைக் கொண்டுவந்தவன் சவரி. சகாயமேரியின் பெரியப்பா மகன். பெங்களூரில் ஏழாவது படித்தான். அவளைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். ஆனால் அந்தப் பெட்டி கையில் இருந்தபோது இருபது வயது மூத்தவன்போல நடந்தான்.

"ரெண்டு பக்கமும் தென்னை மரம். நடுவுல கூடையோட ஒரு ஆளு. தேங்கா விழும்போது பட்டனை அமுக்குனா, ஆளு அந்தப் பக்கம் போயிப் பிடிப்பான். மூணு தவறினா ஆட்டம் முடிஞ்சுது."

"தேங்கா பொறுக்கறதுக்கு ஒரு மெசினா?" என்றான் பக்கத்துத் தோட்டத்து முனிராஜ். "எங்க தோட்டத்துக்கு வா. நெஜ மரமே இருக்குது. முப்பது தவறினாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அப்படிச் சொன்ன முனிராஜ், அன்று பொழுது சாயும்வரை சவரியின் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

"ஒரே ஒரு ஆட்டம் குடுண்ணா" என்று சகாயமேரி கேட்டாள்.

"நீ தொட்டா பேட்டரி தீந்துடும்."

"நீ தொட்டா மட்டும் தீராதா?"

"எனக்குப் பழக்கம். என் ரெக்கார்டு எண்பத்தெட்டு, தெரியுமா?"

ஆடக் கொடுக்காதது மட்டுமல்ல, பார்க்கவும் விடவில்லை. மூக்குக்குக் கீழே பெட்டியை வைத்துக்கொண்டு ஆடினான். மற்றவர்களுக்குத் தெரிந்தது அவன் தலைமுடி மட்டும்தான்.

ஆனால் சத்தத்தை அவனால் மறைக்க முடியுமா? சகாயமேரி அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாள். இடது மரத்தில் விழுந்தால் 'டிக்'. வலது மரத்தில் விழுந்தால் 'டொக்'. கூடையில் விழுந்தால் 'பீப்'. தவறினால் 'கர்ர்'. இரண்டே நாளில் அந்தச் சத்தம் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒவ்வொரு பீப்புக்கும் அவளும் முனிராஜும் எண்ணினார்கள். "லாபம், ரெண்டு, மூணு..."

சவரி ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "ஒண்ணுன்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"மண்டியில எங்கப்பா பூசணிக்கா எண்ணும்போது அப்படித்தான் சொல்லுவாரு. மொதக் காயி லாபம்" என்றான் முனிராஜ்.

"இது மண்டி இல்ல. எலக்ட்ரானிக்."

மூன்றாம் நாள் காலை, சவரி கிணற்றில் நீச்சல் பழகப் போனான். சகாயமேரியின் அப்பா மரியசூசை முன்பே கிணற்றுக்குள் இறங்கி நின்று கூப்பிட்டார். சவரி தன் சட்டையையும் பெட்டியையும் சகாயமேரியிடம் நீட்டினான்.

"பத்திரமா வெச்சிக்க. பட்டனைத் தொடாத."

அவள் தொடவில்லை. விரல் துடித்தது. ஆனாலும் தொடவில்லை.

அப்போதுதான் முனிராஜின் ஆடு தக்காளித் தோட்டத்துக்குள் புகுந்தது. "அய்யோ, எங்கப்பா தோலை உரிப்பாரு" என்று முனிராஜ் ஓடினான். ஓர் ஆளால் மடக்கக்கூடிய ஆடா அது? சகாயமேரி மோட்டார் கொட்டாய் அருகே இருந்த கல்லின்மேல் சட்டையை மடித்து, அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டு உதவிக்கு ஓடினாள்.

ஆடு அவர்களைத் தோட்டம் முழுக்கச் சுற்ற வைத்தது. திரும்பி வந்தபோது கல்லின்மேல் நல்ல வெயில். பெட்டியை எடுத்தாள். தோசைக்கல்போலச் சுட்டது. கண்ணாடி முழுவதும் கறுப்பு. மரம் இல்லை, ஆள் இல்லை, கூடை இல்லை. புதுச் சிலேட்டுபோல ஒரே கறுப்பு.

சகாயமேரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சட்டைக்குள்ள சுத்தி வெச்சிடு" என்று முனிராஜ் காதோரம் சொன்னான். "அவனே எடுத்துப் பாக்கட்டும். நமக்கு ஒண்ணும் தெரியாது."

ஒரு நிமிடம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிறகு அவள் தலையை ஆட்டினாள். "எங்கிட்டதானே குடுத்துட்டுப் போனான்?"

கொட்டாய்க்குள் தக்காளிக் கூடைகள் இருந்தன. வெயிலில் வதங்காமலிருக்க அம்மா அவற்றின்மேல் ஈரச்சாக்கைப் போட்டிருந்தாள். சகாயமேரி அதையே பார்த்தாள். தக்காளிக்கு ஆகாத வெயில் இதற்கு மட்டும் ஆகுமா? பெட்டி நனையாமலிருக்கச் சட்டையில் சுற்றி, ஈரச்சாக்கின்மேல் வைத்தாள்.

தலையில் நீர் சொட்டச் சொட்டச் சவரி வந்தான். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். ஆட்டையும் சொன்னாள், வெயிலையும் சொன்னாள்.

சவரி திட்டுவான் என்று நினைத்தாள். அவன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்துவிட்டது.

"அது என்னுது இல்ல" என்றான். "எங்க வூட்டு ஓனர் பையனுது. கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். திங்கக்கெழம குடுக்கணும். அதான் உங்க யாரையும் தொட விடல."



சகாயமேரி பெட்டியை எடுத்தாள். இப்போது சூடு கொஞ்சம் குறைந்திருந்தது. "அண்ணா, ஒருவாட்டி பட்டனை அமுக்கட்டுமா?"

"இனிமே என்னா வேணா பண்ணிக்க."

அமுக்கினாள்.

'டிக்.'

மூவரும் நிமிர்ந்தார்கள். "உசுரு இருக்குது" என்றான் முனிராஜ்.

டிக் என்றால் இடது மரம். அவள் இடது பட்டனை அமுக்கினாள். 'பீப்.'

"லாபம்" என்றான் முனிராஜ்.

'டொக்.' வலது. 'பீப்.' "ரெண்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எப்படியும் பார்க்க ஒன்றுமில்லை. டிக், டிக், டொக். விரல்கள் தாமாக ஓடின. முப்பது தாண்டியது. ஐம்பதில் ஒரு கர்ர். எழுபதில் இன்னொன்று. தேங்காய்கள் இப்போது மழைபோல விழுந்தன. முனிராஜுக்கு எண்ணவே மூச்சு வாங்கியது.

"எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொம்போது..."

சவரி அழுகையை மறந்து முட்டிபோட்டு நெருங்கி வந்தான். "விட்டுடாத, விட்டுடாத."

"தொண்ணூத்தி மூணு!"

'கர்ர்.' ஆட்டம் முடிந்தது.

"சகாயம், கண்ணைத் தொறந்து பாரு" என்றான் சவரி மெதுவாக.

கண்ணாடியின் ஓரத்திலிருந்து கறுப்பு விலகிக்கொண்டிருந்தது. முதலில் தென்னை ஓலை. பிறகு கூடை. பிறகு கூடைக்காரனின் கால். கடைசியில், மேல் மூலையில், இரண்டு எண்கள்.

9. 3.

முனிராஜ் கத்திய கத்தலில் ஆடு மறுபடியும் தக்காளிக்குள் ஓடியது. இந்த முறை மூவரும் சேர்ந்து துரத்தினார்கள். பெட்டி நிழலிலேயே இருந்தது.

திரும்பி வந்ததும் சவரி பெட்டியை எடுத்து முனிராஜிடம் கொடுத்தான். "இப்ப உன் ஆட்டம். எல்லாருக்கும் தெரியற மாதிரி பிடி."

மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. இடது மரத்திலிருந்து முதல் தேங்காய் விழுந்தது. கூடை சரியாகப் போய்ப் பிடித்தது.

"லாபம்" என்றான் சவரி, எல்லோருக்கும் முந்திக்கொண்டு.