வெள்ளிக்கிழமைப் போகி

எண்ணூரில் இப்போதெல்லாம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போகிதான். விடிந்ததும் வீட்டுக்கு வீடு எதையாவது உடைக்கிற சத்தம் கேட்கும். பழையது என்று எரிக்க ஒன்றுமில்லாமல் போய் இரண்டு வருடமாகிறது. கதவுகளும் போய்விட்டன, வாசல்களில் சேலைகள் தொங்கின.

தேசிங்கு சுத்தியலோடு கட்டில் முன்னால் நின்றான். கட்டிலில் அவன் மனைவி கஜலட்சுமி மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். அவள் மூக்கிலிருந்து ஒரு குழாய் பக்கத்திலிருந்த உயிர்வளிப் பெட்டிக்குப் போயிற்று. பெட்டி பாசி எண்ணெயில் ஓடுவது. கேனில் நாளைக் காலைவரைக்கும்தான் எண்ணெய் இருந்தது.

"இன்னா யோசன? உடை," என்றாள்.

"நீ எதுல சாய்வ?"

"உம்மேல சாய்றேன். முப்பது வருசமா நீதான எம்மேல சாஞ்சினு இருந்த."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

"எங்கப்பன் குட்த்த ஒரே ஜாமான். கடைசில அதும்மேலயும் கண்ணு வச்சிட்ட. போய்யா, வரிச பெருசாய்டும்."

அவளைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு, கட்டிலைப் பிரித்துக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டான்.

பாசி புகையைத் தின்று எண்ணெய் தரும். கழிமுகத்துக் குளங்களில் அதை முதலில் வளர்த்தபோது, அனல்மின் புகைபோக்கிகளிலிருந்து குழாய் இழுத்து ஊட்டினார்கள். நிலக்கரிப் புகையைத் தின்று பாசி கொழுத்தது. எண்ணெய் பெருகியது. பெருகியதும் நிலக்கரியை யாரும் சீண்டவில்லை. புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியும் அணைந்த அன்றைக்கு ஊரே பட்டாசு வெடித்துக் கொண்டாடியது. பாசி பட்டினி கிடக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். காற்றில் பரவிக் கிடக்கிற கரிவளி, அந்தக் கரியமில வாயு, அதற்குப் போதவில்லை. கூட்டி அள்ளி ஊட்டினால்தான் தின்றது. ஆகவே பாசி வாரியம் போகியை வாரத்துக்கு ஒன்றாக்கியது. புகையூட்டுச் சூளைக்கு எரிபொருள் கொண்டுவருகிற வீட்டுக்கு மட்டும் அந்த வார எண்ணெய். சூளையின் வெடிப்புகளில் கசிந்த புகை ஊருக்குள் வந்தது. கஜலட்சுமியின் நெஞ்சுக்குள்ளும் போனது.

இன்று தேசிங்கு போனபோது சூளை வாயில் நெருப்பே இல்லை. மேற்பார்வையாளர் தமயந்தி மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"திருப்பி எடுத்துனு போங்கண்ணா. சூளைய மூடியாச்சு."

"தேக்கும்மா இது."

"தேக்கா இருந்தா இன்னா, சந்தனமா இருந்தா இன்னா? ஊர்ல எரிக்க ஒண்ணும் மிச்சமில்லன்னு மேல எழுதிட்டாங்க. இனிமே மூச்சுதான்."

அவள் எதிரிலிருந்த நீளமான தகரக் கொட்டகையைக் காட்டினாள். மனிதன் விடுகிற மூச்சிலும் அதே கரிவளிதான் இருக்கிறது என்றாள். சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டால் போதாது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வேண்டும். பொழுது சாயும்வரை சைக்கிள் மிதித்தால் ஒரு கேன் எண்ணெய்.

கொட்டகைக்குள் நூறு சைக்கிள்கள் எங்கும் போகாமல் ஓடிக்கொண்டிருந்தன. மிதிப்பவர்கள் முகத்தில் மூடி, மூடியிலிருந்து குழாய், குழாய் குளத்துக்கு. தேசிங்கு கட்டிலைச் சுவரில் சாய்த்தான். ராத்திரி அவள் சாய்ந்துகொள்ளலாம் என்று நினைத்தபோது நெஞ்சு லேசானது. ஏறி உட்கார்ந்தான்.

பக்கத்துச் சைக்கிளில் மீன்கார முனிரத்தினம். "இன்னா மாமே, எங்க சவாரி?" என்றான் மூடிக்குள்ளிருந்து.

"காசிமேடு."

"போனா எனுக்கும் ரெண்டு வஞ்சிரம் வாங்கியா."

அதற்கப்புறம் பேச மூச்சில்லை. மதியத்துக்கு மேல் தேசிங்கின் கால்கள் வேறு யாருடையவையோ போலாயின. குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான். அது எதையும் தொடாமல், எதையும் இழுக்காமல், வெறும் காற்றில் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே மிதித்தான். தமயந்தி அந்தப் பக்கமாக வந்தபோது மூடியைக் கழற்றினான்.

"ஏம்மா, இந்தச் சக்கரத்துல ஒரு டைனமோ மாட்டி, ஒயர எங்க வூட்டுப் பெட்டிக்கே இழுத்துட்டா? நான் மிதிச்சா அவ மூச்சு வுடுவாளே. நடுவுல எண்ணெய் எதுக்கு?"

அருகிலிருந்த சைக்கிள்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஏற்கெனவே மாட்டுனாங்கண்ணா," என்றாள் தமயந்தி. "போன மாசம் வேற ஊர்ல வச்சுப் பாத்தாங்க. வாரியத்துல நாங்கதான் கழட்டச் சொல்லிட்டோம்."

"ஏன், எரியலியா?"

"நல்லாத்தான் எரிஞ்சுது. மிசின் ஓடுச்சு, வூட்டுக்கு வூடு லைட்டு. அப்புறம் வூட்லயே மிதிச்சுக்கினாங்க, எண்ணெய்க்குன்னு கொட்டாய்க்கு ஒருத்தரும் வரல. பத்தே நாள்ல குளம் மஞ்சளாய்டுச்சு." அவள் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "நீங்களே சொல்லுங்க. எல்லாரும் அப்டிப் போய்ட்டா, பாசிக்கு யாருண்ணா தீனி போடுறது?"

யாரும் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி என்பதுபோலச் சிலர் தலையாட்டினார்கள். தேசிங்குக்குக் கணக்கு எங்கோ இடித்தது. அதைக் கோத்து எடுக்கிற தெம்பு இல்லை. நாளைக் காலைக்குள் கேன் நிறைந்தாக வேண்டும்.

சுவரிலிருந்த கரிவளி அளவுமானியில் முள் இறங்கி மணி அடித்தது. குளத்துக்குப் பசிக்கிறது. முனிரத்தினம் முதலில் மிதித்தான். அப்புறம் வரிசை முழுக்க. தேசிங்கு மூடியை முகத்தில் மாட்டிக்கொண்டு, ஆழமாக மூச்சை விட்டான்.