சர்க்கரைக்குள் ஒரு சட்டை

காலை 7.10. தம்பி நாற்காலியில் வாயில் நுரையோடு சரிந்து கிடந்தான். பக்கத்து முக்காலியில் காபி டம்ளர் நிமிர்ந்து நின்றது. மூன்று வாய்தான் குறைந்திருந்தது. தரையில் ஒரு துளி இல்லை.

8.00. தம்பி ஆஸ்பத்திரியில். வீட்டில் மூவர்: அவனுடைய அக்காவான அறிவியல் டீச்சர், அவன் மனைவி, இரவு வந்து தங்கியிருந்த மருந்துக்கடைக் கூட்டாளி. எதிரே பெண் இன்ஸ்பெக்டர். டாக்டர் போனில் சொன்னது ஒன்றுதான்: என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்தால் பிழைப்பான், தெரியாவிட்டால் சொல்வதற்கில்லை.

"காபி போட்டது யாரு?"

"நான்தான்," என்றாள் தம்பி மனைவி. பூப்போட்ட நைட்டியின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அவருக்கு மட்டும்தான் சர்க்கரை போட்டேன்."

டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தாள். இவளா?

"நீங்க?"

"தூங்கிட்டிருந்தேன் மேடம். சத்தம் கேட்டு ஓடியாந்து தாங்கிப் பிடிச்சேன். காபி மேல கொட்டிருச்சு, சட்டைய ஊற வச்சிட்டேன்," என்றார் கூட்டாளி. தம்பியின் டீ-ஷர்ட் அவருக்கு இறுக்கமாக இருந்தது. "சமையலறைப் பக்கமே போகல."

சமையல் மேடையில் சர்க்கரை டப்பாவை ஒட்டி டீச்சரின் டிஜிட்டல் மைக்ராஸ்கோப், லேப்டாப்பில் செருகியபடி நின்றது. உப்பும் சர்க்கரையும் பெரிதாக்கினால் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குக் காட்ட, ஆறு மணிக்கு அதே டப்பாவிலிருந்து படம் எடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள்.

இப்போது ஒரு சிட்டிகை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தாள். பளிங்குக் கட்டிகளுக்கு நடுவே உடைந்த சுண்ணாம்பு போல வெள்ளைத் துகள்கள். சிலவற்றின் ஓரத்தில் மஞ்சள் தோல்.

"ஆறு மணிக்கு இது இல்ல மேடம். மாத்திரைய இடிச்சுப் போட்டிருக்காங்க."

"அப்போ ஆறுக்கு மேல சமையலறைக்கு வந்தவங்க..." இன்ஸ்பெக்டர் தம்பி மனைவியைப் பார்த்தார். அவள் அழக்கூட பயந்து நின்றாள்.

டீச்சர் பழைய படங்களைத் தேடினாள். ஆறு மணிக்கு எடுத்தவை ஒன்பது. பத்தாவதாக ஒன்று இருந்தது. நேரம் 6.25. அவள் எடுத்ததே இல்லை.

அந்தக் கருவியைத் தூக்கினால் தலையிலிருக்கும் பொத்தான் அமுங்கிப் படம் பதிந்துவிடும். வகுப்பில் கரடியாய்க் கத்தினாலும் பிள்ளைகள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

படத்தில் துணி. நீல நூலும் வெள்ளை நூலும் மாறி மாறிப் பின்னியிருந்தன. இடுக்கில் அதே மஞ்சள் தோல் துகள்.

"டப்பாவை எடுக்க யாரோ இத நகர்த்தியிருக்காங்க. சாயப் போனத கையால அணைச்சிருக்காங்க. லென்ஸ் சட்டைக் கை மேல பட்டிருக்கு." டீச்சர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "மேடம், பாத்ரூம்ல ஊறுற சட்டைய எடுங்க."

நீலக் கட்டம் போட்ட சட்டை சொட்டச் சொட்ட வந்தது. லென்ஸுக்குக் கீழே வைத்ததும் திரையில் அதே பின்னல்.

"எத்தனையோ பேர்ட்ட இந்தச் சட்டை இருக்கும்!" என்று கத்தினார் கூட்டாளி.

"இருக்கும். ஆனா காபி கொட்டிருச்சுன்னு சொன்னது நீங்க மட்டும்தான். டம்ளர் கிட்டத்தட்ட நிறைய இருக்கு, தரையில ஒரு சொட்டு இல்ல. எது கொட்டிச்சு?" டீச்சர் அவர் அருகில் போனாள். "உங்களக் கைய எடுத்துக் கும்பிடறேன். என்ன மாத்திரைன்னு மட்டும் சொல்லிருங்க. அவன் செத்தா நீங்க கொலைகாரன். பொழைச்சா இல்ல."

கூட்டாளி தரையில் உட்கார்ந்துவிட்டார். மாத்திரையின் பெயரைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அப்போதே டாக்டரிடம் சொல்லிவிட்டார்.

"காலாவதி மாத்திரைக்குப் புதுத் தேதி போட்டு வித்தேன். இன்னைக்குப் புகார் கொடுக்கப் போறேன்னு நின்னான்."

10.40. ஆஸ்பத்திரி வராந்தா. கண் விழித்துவிட்டான் என்று நர்ஸ் சொல்லிப் போனாள். பெஞ்சில் இருந்த டீச்சரும் தம்பி மனைவியும் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள்.

"என்ன மன்னிச்சிரும்மா. காலைல நான் உன்னையே சந்தேகப்பட்டேன்."

தம்பி மனைவி மூக்கைத் துடைத்தாள். "விடுங்க அண்ணி. சர்க்கரை டப்பாவோட அந்த மெஷின வச்சுக்கிட்டிருந்தது நீங்கதான? நான் உங்களத்தான் நெனச்சு நடுங்கிட்டிருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"காபி வாங்கிட்டு வரட்டுமா அண்ணி?"

"சர்க்கரை வேண்டாம்."