கூதிர் முகம்

முதுவேனில் முடிகிற நாள்களுக்கென்று ஒரு மௌனம் உண்டு. ஆடிக்காற்று ஓய்ந்துவிட, தாமிரபரணியின் மணல்திட்டுகள் வெந்து வெளுத்துக் கிடக்கும். கரையோரத்து மருதமரங்கள் இலையசையாமல் நிற்கும். மேற்கே மலைமுகட்டில் மட்டும் ஒரு கருமை திரண்டு திரண்டு கலையும். எதையோ இழக்கப்போகிறோம் என்று அறிந்தும் இன்னதென்று அறியாத நெஞ்சைப் போல, வானம் நிறைந்து, பொழியாமல், தாழ்ந்திருக்கும்.

அந்த நாள்களில்தான் திருநெல்வேலி மக்கள் ஐப்பசியில் வரப்போகும் கூதிர்காலத்துக்கான முகத்தைத் தேர்ந்துகொள்வார்கள்.

முகங்கள் செய்து விற்கும் பொன்மேனி நிலையத்தின் மேல்தளத்தில் வடிவாம்பிகை அமர்ந்து முகங்களை வரைந்துகொண்டிருந்தாள். வயது எழுபத்து நான்கு. பார்ப்பவர் இருபத்தெட்டுக்கு மேல் மதிக்கமாட்டார். எல்லாரையும் போல அவளும் மெய்யுறை அணிந்தவள். வெங்காயச் சருகினும் மெல்லிய அந்த உயிர்ப்படலம் முகத்தில் படிந்ததும் அடியிலுள்ள தோலின் அணுக்களை உறக்கத்தில் ஆழ்த்திவிடும். உறங்கும் தோல் மூப்பதில்லை. மேலே படலம் சிரிக்கும், சுளிக்கும், வெயிலில் கறுக்கும். பருவம் முடிந்ததும் அதை உரித்து உலையிலிட்டுப் புதியது பூட்டுவார்கள். வெளிக்காற்றுப் புகாத உரிப்பறையில், உரிக்கிற அரைமணி நேரமும் கண்ணைக் கட்டிவிடுவது வழக்கம். தன் வெற்றுமுகத்தை எவரும் பார்ப்பதில்லை. பார்க்க விரும்பியவரும் இல்லை. வடிவு முதல் உறை அணிந்து நாற்பத்தோராண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வாண்டு வந்திருந்த மோகம் விசித்திரமானது. இளமை சலித்துப்போயிற்று. ஐப்பசி பிறந்தால் ஈரமண் நிறத்துப் பட்டும், அதற்கேற்ற நரையும், நெற்றியில் மூன்று வரிகளும் வேண்டுமென்று பெண்கள் கேட்டார்கள். ஒருத்தி தன் நாத்தனாரைவிடப் பத்து வயதாவது கூடத் தெரியவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். ஆனால் வடிவு வரைந்த சுருக்கங்களெல்லாம் கசங்கிய துணியைப் போலிருந்தன. மூப்பை மறந்துபோன ஊரில் அதைக் கற்பனையால் வரைய முடியவில்லை. உண்மையாகவே மூத்த முகம் ஒன்று வேண்டும்.

அப்படி ஒரு முகம் அவளுக்குத் தெரியும். தன்னைவிட மூன்று வயது இளைய தங்கை உலகம்மையின் முகம்.

உலகம்மை மெய்யுறை அணிய மறுத்தவள். சாமி முன்னால் எந்த மூஞ்சியோடு போய் நிற்பது என்பது அவள் கேள்வி. அதற்கு விடை சொல்ல எவராலும் முடியாததால் அவளை அவள்போக்கில் விட்டுவிட்டார்கள். ஐம்பதாண்டுகளாக அந்திதோறும் வீட்டுப் பூசைமாடத்தில் விளக்கேற்றிப் பதிகம் பாடுவதே அவள் வாழ்வு. ஆண்டுப்பிறப்பன்று அவள் வழக்கப்படி அக்காளின் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்வாள். நரைத்த கிழவி ஒருத்தி குமரியின் காலில் விழுவதைக் கண்டு தெருவில் போகிறவர்கள் வாய்பொத்திச் சிரிப்பார்கள்.

முகத்தை அளந்து படியெடுக்கும் முகப்பதிவியோடு வடிவு போனபோது உலகம்மை கட்டிலில் சாய்ந்திருந்தாள். இதயம் தளர்ந்துவிட்டது, கார்த்திகையைத் தாண்டுவது அரிது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வந்த காரியத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இந்தக் கிழட்டு மூஞ்சிக்கா இம்புட்டுக் கிராக்கி? எடுத்துக்கிடு. நானா கொண்டுபோகப் போறேன்?"

பதிவியின் நீலஒளி அவள் முகத்தில் வரிவரியாக ஊர்ந்தது. கணவன் ஆறாண்டு படுக்கையில் கிடந்தபோது விழுந்த நெற்றிவரிகள். பாடிப் பாடி உதட்டோரம் படிந்த மடிப்புகள். மூன்று வயதில் போய்விட்ட பேச்சி என்ற குழந்தைக்காக இடக்கன்னத்தில் இறங்கிய கீறல். பதிவி இவற்றை ஆழமும் அகலமுமாக மட்டும் அறிந்துகொண்டது.

கருவியை மூடும்போது உலகம்மை அக்காளின் கையைப் பிடித்தாள். "எனக்கு ஒண்ணு செய்வியா? ஒரே ஒரு தடவ அந்த உறையக் கழட்டிட்டு எம் முன்னால இரி. அம்மா மூஞ்சி ஒனக்குத்தான் வாச்சிருக்குன்னு ஆச்சிமாரெல்லாம் சொல்லுவாங்க. போறதுக்கு முந்தி அம்மாவ ஒருக்கா பாத்துக்கிடுதேன்."

தாயின் படம் ஒன்றுகூட வீட்டில் மிஞ்சியிருக்கவில்லை. ஆவணிக்குள் வருவதாக வடிவு வாக்களித்தாள்.

ஆவணியில் நிலையத்தலைவர் தாணுலிங்கம் ஒப்பவில்லை. பருவத்தின் இடையில் கழற்றித் தோலில் வெளிக்காற்றுப் பட்டால் அடுத்த உறை பிடிக்க நாற்பது நாளாகும். வரைஞரே வெற்றுமுகத்தோடு திரிந்தால் வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "மேடம், ஐப்பசி வரைக்கும் உங்க முகம் உங்களோடது இல்ல, நம்ம நிலையத்தோடது" என்றார் அவர், வெகு பணிவாக. வடிவு தங்கைக்குப் புரட்டாசி என்று சொல்லியனுப்பினாள். புரட்டாசியில், ஐப்பசி என்று சொல்லியனுப்பினாள். ஒவ்வொரு முறையும் உலகம்மையிடமிருந்து சரி என்றே பதில் வந்தது.

ஐப்பசி முதல்நாள் கூதிர்முகம் வெளியாயிற்று. மாதம் பாதியாவதற்குள் மாநகரெங்கும் அதுவே. நிலையத்தின் விளம்பரமாக வடிவும் அதையே அணிந்திருந்தாள். மழையில் குடைபிடித்து வந்த பெண்களின் நெற்றியிலெல்லாம் தங்கையின் கணவன் படுக்கையில் கிடந்த ஆறாண்டுகள் போவதைக் கண்டாள். அல்வாக்கடை வரிசையில் நின்ற ஒருத்தி, தோழி சொன்ன ஏதோ வேடிக்கைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் இடக்கன்னத்தில் பேச்சியின் கீறல் நெளிந்தது. வடிவு கடைக்குள் போகாமல் திரும்பிவிட்டாள்.

அன்று பிற்பகலே, உலகம்மை கண் திறப்பது குறைந்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் சொல்லியனுப்பினர். வடிவு தாணுலிங்கத்திடம் கேட்கவில்லை. உரிப்பறையிலிருந்து, உறையைக் கழற்றும் நீக்குநீர்க் குப்பி ஒன்றை எடுத்து மடியில் செருகிக்கொண்டு புறப்பட்டாள்.

காலடி கேட்டு உலகம்மை விழித்தாள். கட்டிலருகே குனிந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். தன் முகமே தன்னைக் குனிந்து பார்ப்பது அவளுக்கு விளங்கச் சற்றுப் பொழுதாயிற்று. பிறகு விரலை உயர்த்தி அக்காளின் இடக்கன்னத்தைத் தொட்டாள்.

"இது பேச்சி போனப்ப விழுந்ததுக்கா. நீ அப்பம் ஊர்லயே இல்லையே."

வடிவு குப்பியைத் திறந்து பஞ்சில் நனைத்து நெற்றியிலிருந்து துடைக்கத் தொடங்கினாள். உறை தாடைவரை சுருண்டு மடியில் விழுந்தது. நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் வெளிக்காற்று அவள் தோலைத் தீண்டியது. நெருப்பைப் போல எரிந்தது. தங்கையின் பார்வைக்கு நேரே முகத்தை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தாள்.

உலகம்மை தேடினாள். நெற்றியில் தேடினாள், புருவத்தின் இடையில் தேடினாள், உதட்டோரத்தில் தேடினாள். அங்கே எதுவும் இல்லை. அது முதுமையும் அன்று, இளமையும் அன்று. குயவன் கைபடாத ஈரமண். தாயின் சாயலென்று ஊரார் சொன்னது, தாயைப் போல் சிரித்ததும் தாயைப் போல் முகம்சுளித்ததும்தான். அந்தச் சிரிப்பும் சுளிப்பும் நாற்பத்தோராண்டுகள் உறைகளின் மேலேயே நிகழ்ந்தன. பருவந்தோறும் உலைக்குப் போன படலங்களோடு அவையும் போயின. அடியில் உறங்கிய தோல் எதையும் கற்கவில்லை, கற்றிருந்ததையும் மறந்துவிட்டது.

சுவரிலிருந்த சிறு கண்ணாடியில் வடிவும் அதைக் கண்டாள். இந்த மாநகரில் ஒவ்வொரு முகத்தின் அடியிலும் இதுவே இருக்கிறது என்பதையும் அப்போதே உணர்ந்தாள்.

"அம்மா இங்க இல்லக்கா" என்றாள் உலகம்மை. குரலில் கோபம் இல்லை.

வடிவுக்கு அழுகை முட்டியது. முகத்துக்கு அழத் தெரியவில்லை. தங்கிச் செல்ல ஒரு மடிப்பும் இல்லாமல் கண்ணீர் நேராக இறங்கி மடியிலிருந்த உறையின் மேல் சொட்டியது.

வெளியே மழை வலுத்து, அந்தி கூடியது. உலகம்மையின் கண் பூசைமாடத்தை நோக்கிச் சென்றது. வடிவு எழுந்து திரியைத் தூண்டி விளக்கேற்றினாள். சிறுமியாய் இருந்தபோது தங்கையோடு சேர்ந்து பாடிய பதிகத்தைத் தொடங்கினாள். இரண்டாம் அடிக்குமேல் நினைவில் இல்லை. அந்த இரண்டு அடிகளையே மீண்டும் பாடினாள். பிறகு வாய்மூடித் தீபத்தை மும்முறை சுற்றிக் காட்டினாள்.

திருநீற்றுத் தட்டோடு கட்டிலுக்கு வந்தாள். உலகம்மை இளையவளுக்குரிய முறையில் தலையைத் தாழ்த்தினாள். வடிவு பூசினாள், நீறு மூன்று வரிகளிலும் இறங்கி நிலைத்தது. வழக்கமாகச் சொல்லும் நெடிய ஆயுளை இன்று சொல்ல நா எழவில்லை.

உலகம்மை தட்டிலிருந்து தானே ஒரு சிட்டிகை எடுத்தாள். இளையவள் மூத்தவளுக்குப் பூசுவது முறையன்று. அவள் பூசினாள். வழுவழுத்த நெற்றியில் பற்றாமல் நீறு உதிர்ந்தது. பஞ்சபாத்திரத்து நீரில் விரலை நனைத்துக் குழைத்து மறுபடியும் பூசி, உலரும்வரை கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.

"ஒனக்கு வயசாகட்டும், அக்கா."