நாலு கோல் விட்ட கோல்கீப்பர்

பதினொரு மணிக்கு வருவதாகக் கடிதம் போட்டவர்கள் பன்னிரண்டுக்கு மேல்தான் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் கல்பாத்தியில் சிவராமகிருஷ்ணன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கருப்புசாமி மூன்று டம்ளர் மோரைத் தீர்த்திருந்தான்.

சிவராமகிருஷ்ணன் இருபத்தெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சாவுகளை விசாரித்தவர். செத்ததாகச் சொல்லப்பட்டவர்களில் ஏழு பேரை அவர் உயிரோடு கண்டுபிடித்தார் என்று ஊரில் பேச்சு; அவரைக் கேட்டால் ஐந்து என்பார். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் அவரைத் தேடி வந்தபடி இருந்தார்கள். கருப்புசாமி கொல்லங்கோட்டுக்காரன். சொந்த லாரி ஓட்டுகிறவன். வயது முப்பத்தைந்தானாலும் துப்பறிவது என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அன்று அவன் கழுத்தில் தீப்பட்டதுபோல் ஒரு கறுத்த திட்டு இருந்தது. என்னவென்று கேட்டதற்கு, "லோடு ஏத்தயில பட்டதுங்க சாமி. நாலு நாள்ல உரிஞ்சு போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை நீட்டினான்.

வந்தவர்கள் இரண்டு பெண்கள். திரிபுரசுந்தரி கல்பாத்திப் பெண்தான். பம்பாயில் இருந்துகொண்டு செய்திப்படங்களும் ஆவணப்படங்களும் எடுப்பவள். "மன்னிக்கணும் மாமா. பொள்ளாச்சியிலேர்ந்து வர ரயிலை முதலமடையிலே முக்கால் மணி நிறுத்திட்டா. மாங்காய்க் கூடை ஏத்தி முடியலையாம்" என்றபடி ஒரு கனத்த பெட்டியைக் கீழே வைத்தாள். கூட வந்தவள் பெயர் சாந்தம்மாள். வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எம்மவன் இன்னாசிராஜு உசுரோட இருக்கானா இல்லியான்னு மட்டும் சொல்லிருங்கய்யா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

மற்றதைத் திரிபுரசுந்தரி சொன்னாள். தோட்டத்துப் பையன்களின் கால்பந்தைப் படம் பிடிக்கத்தான் மார்கழியில் அவள் வண்டிப்பெரியாருக்குப் போனாள். அதே சமயம் கோச் ராக்கப்பன் என்றொருவன் வந்து, கல்கத்தாவில் பெரிய கிளப்புக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி, ஒன்பது பையன்களைப் பொறுக்கினான். பதினைந்து பதினாறு வயது. தோட்டமே திரண்டு மாலை போட்டு வழியனுப்பியது. படத்துக்கு நல்ல முடிவாக இருக்குமென்று அவள் போன வாரம் காமிராவோடு கல்கத்தாவில் இறங்கினாள். அந்த கிளப்பில் ஒருவருக்கும் அப்படியொரு கோச்சைத் தெரியவில்லை. ஒன்பது பையன்களையும் தெரியவில்லை.

"கடுதாசி வந்துக்கிட்டுத்தான் இருக்குய்யா" என்றாள் சாந்தம்மாள். "கல்கத்தா முத்திரைதான் குத்தியிருக்கு. எழுத்து எம்மவன் எழுத்துதான். போன வாரம் போட்டோவும் வந்துச்சு. ஒரு காசு கேக்காமக் கூட்டிட்டுப் போன மனுசன், அவனைப் போயி எப்பிடிச் சந்தேகப்படுதது?"

"கடுதாசியை எங்க போட்டாங்கறதைத்தான் முத்திரை சொல்லும், எங்க எழுதினாங்கறதைச் சொல்லாது" என்றார் சிவராமகிருஷ்ணன். "போட்டோவைக் குடுங்கோ."

ஸ்டூடியோவில் எடுத்த படம். புது ஜெர்ஸியில் ஒன்பது பேர் விறைப்பாக நின்றார்கள். சிலருக்கு உதட்டோரத்தில், சிலருக்கு முன்கையில், இன்னாசிராஜுக்குக் கன்னத்திலிருந்து கழுத்து வரை, கறுப்பாகத் திட்டுகள்.

"அம்மை போட்டிருக்குமோன்னுதான்யா எனக்கு ராத்திரி உறக்கமில்ல" என்றாள் தாய்.

சிவராமகிருஷ்ணன் படத்தைக் கருப்புசாமியிடம் கொடுத்தார். அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டே உற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அம்மைன்னா வட்டமாவல்லங்க இருக்கோணும்? இது வடிஞ்சாப்ல இருக்குதுங்க" என்று திருப்பிக் கொடுத்தான்.

ஜன்னல்களைச் சாத்தி, சுவரில் வேட்டியைக் கட்டி, பெட்டியிலிருந்த புரொஜெக்டரைத் திரிபுரசுந்தரி ஓடவிட்டாள். தோட்டத்து மைதானம். ஓரத்தில் நெடுநெடுவென்று சில்வர் ஓக் மரங்கள். பையன்கள் வெறுங்காலில் பறந்தார்கள். கோச் ராக்கப்பன் காமிராவுக்கு முதுகைக் காட்டியே நின்றான். சின்னமுத்து என்கிற வாட்டசாட்டமான பையன் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கோல் அடித்தான். கோச் கைதட்டக்கூட இல்லை. பிறகு தானே பந்தை எடுத்து ஓங்கி உதைத்தான். பந்து மரக்கிளையில் போய்ச் சிக்கியது. ஒரு பையன் ஏறி எடுத்தான். இரண்டாம் முறையும் அதே மரம், வேறு பையன். மூன்றாம் முறை உச்சாணிக் கொம்பு. கோல்கீப்பர் அணில் மாதிரி ஏறி, ஒல்லிக் கிளையில் படுத்தபடி பந்தைத் தட்டிவிட்டான்.

"அவன்தான் எம்மவன்" என்றாள் சாந்தம்மாள். திரையைத் தொடப்போன கை பாதியில் நின்றது. "நாலு கோலு விட்டவன்யா. அவனை எடுத்துட்டு, நாலு கோலு போட்ட சின்னமுத்துவ வேண்டாம்னுட்டாரு. கேட்டதுக்கு, ஒடம்பு கனமா இருக்குன்னாரு. அப்பவே எனக்கு வெளங்கல."

படம் முடிந்து ஜன்னல்களைத் திறந்தார்கள். சிவராமகிருஷ்ணன் சாந்தம்மாள் பக்கம் திரும்பினார்.

"உங்க பையன் உயிரோட இருக்கான்மா" என்றார். "கல்கத்தாவிலே இல்லை. இங்கேர்ந்து இருபது மைலுக்குள்ளே இருக்கான்."

சாந்தம்மாள் எழுந்துவிட்டாள். கருப்புசாமிக்கு வாய் பிளந்தது.

"கோல் போட்டவனை விட்டுட்டு கோல் விட்டவனை எடுக்கறான்னா, அவனுக்கு வேண்டியது ஆட்டக்காரன் இல்லை. மூணு தடவை பந்து மரத்துக்குப் போனது கால் தவறி இல்லை, பரீட்சையே அதுதானாக்கும். உடம்பு லேசா இருக்கணும், ஒல்லிக் கிளையிலே ஏறணும். யாருக்கு வேணும் அப்படி ஆள்? காய் பறிக்கறவனுக்கு. என்ன காய்? கருப்புசாமி, உன் கழுத்திலே என்னடா அது?"

கருப்புசாமி தொட்டுப் பார்த்தான். முகம் மாறியது. "மாங்காப் பாலுங்க! காம்பு ஒடைஞ்சு கூடையில இருந்து ஒழுகிப் பட்டதுங்க... அட என்ற சாமி, போட்டோவுல இருக்கறதும் அதுதானுங்க!"

"தன் முதுகு தனக்குத் தெரியாதும்பா. உனக்குக் கழுத்தே தெரியலை. தலைக்கு மேலே காம்பைக் கிள்ளினா பால் மூஞ்சியிலேதான் தெறிக்கும். மாசி பொறந்து பத்து நாள்கூட ஆகலை. மத்த சீமையிலே இப்போ பூவும் பிஞ்சும்தான். இந்த மாசத்திலே கூடை கூடையா மாங்காய் ஏத்தற ஊர் எதுன்னு, வரும்போதே இவ சொல்லிட்டா."

"முதலமடை" என்றாள் திரிபுரசுந்தரி மெதுவாக.

ரயில் அங்கே முக்கால் மணி நேரம் நின்றபோது சாந்தம்மாள் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள். கூடைகளை எண்ணிப் பொழுதைப் போக்கியிருந்தாள்.

"தோப்பு நூத்துக்கணக்குல இருக்குதுங்களே, எதுன்னு கண்டுபுடிக்கறது?" என்றான் கருப்புசாமி.

"பையன்கள் தங்களை ஆட்டக்காரான்னுதான் இன்னும் நினைச்சுண்டிருப்பா. பழகறதை விடமாட்டா. எந்தத் தோப்பிலே சாயங்காலம் பந்து உதைக்கற சத்தம் கேக்கறதுன்னு விசாரி."

பொழுது சாய்வதற்குள் அவன் சேதியோடு வந்தான். கிழக்கே மலையடிவாரத்தில் ஒரு தோப்பு. ராக்கப்பன் குத்தகைக்கு எடுத்தது.

மறுநாள் காலையில் கொல்லங்கோடு ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிளையும் ஏற்றிக்கொண்டு லாரி அங்கே போய் நின்றது. ராக்கப்பன் ஷெட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். கான்ஸ்டபிள் அவனை அங்கேயே உட்காரவைத்தார். கருப்புசாமி தோப்பைச் சுற்றி வந்து குழம்பிப் போனான்.

"ஏனுங்க சாமி, ஒரு வேலிகூட இல்லீங்க. ரோடு அந்தா தெரியுது. காவலுக்கு ஒரு நாய்கூட இல்ல. ரெண்டு மாசமா இவனுங்க ஏனுங்க ஓடிப் போகல?"

சிவராமகிருஷ்ணனுக்கும் அது தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படுகிறவரும் அல்ல.

சாந்தம்மாள் ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து, "ராசு" என்றாள். உச்சிக் கிளை ஆடி நின்றது. இறங்கி வந்தவன் தாயைக் கட்டிக்கொள்ளவில்லை. கையைப் பிடித்து அவசரமாக ஒதுக்குப்புறத்துக்கு இழுத்துப் போனான்.

"ஏம்மா வந்த? யாரும் பாக்கதுக்குள்ள போயிரு. கோச் என்னைய மட்டுந்தான் கிளப்புக்கு எடுத்திருக்காரு. பங்குனியில காய் பறிச்சு முடியவும் கல்கத்தா. மத்தவங்களை எல்லாம் ஊருக்கு அனுப்பிருவாரு, பாவம், அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா பொறாமையில கலாட்டா பண்ணுவாங்கன்னு, யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. அதுவரைக்கும் கல்கத்தாவுல இருக்கதா வீட்டுக்கு எழுதச் சொன்னாரு. எல்லாத்தையும் வேண்டாம்னுட்டு என்னைய எடுத்திருக்காரும்மா. கெடுத்துராத."

மரத்துக்கு இந்தப் பக்கம் நின்ற சிவராமகிருஷ்ணன் காதில் அது விழுந்தது. அப்போது கருப்புசாமி வேகமாக வந்து அவர் காதோடு சொன்னான்: "அக்கட்ட ஒரு பையன் லாரியில ஏற மாட்டேங்கறானுங்க. தன்னை மட்டும் எடுத்திருக்குதாம். மத்தவங்களுக்குச் சொல்லிப் போட வேண்டாமுங்கறான்."

சிவராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய்ச் சாவுகள் எத்தனையோ பார்த்தவர். இப்படியொரு கேவலமான கெட்டிக்காரத்தனத்தை அவர் பார்த்ததில்லை. வேலி போட்டால் பையன்கள் சேர்ந்து தாண்டியிருப்பார்கள். ராக்கப்பனோ ஒவ்வொருவனையும் மற்ற எட்டுப் பேரிடமிருந்து பிரித்து வைத்திருந்தான்.

ஒன்பது பேரையும் காய்க் குவியலைச் சுற்றி வட்டமாக உட்காரச் சொன்னார். திரிபுரசுந்தரி காமிராவைத் தூக்கினாள். அவர் வேண்டாமென்று தலையசைக்கவே இறக்கிவிட்டாள்.

"உங்களை நான் ஒண்ணும் திட்டப்போறதில்லை" என்றார். "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்கோ. யாரும் யாரையும் பாக்கப்படாது. உங்கள்லே ஒருத்தனை மட்டும் கிளப்புக்கு எடுத்தாச்சுன்னு கோச் ரகசியமா சொல்லியிருக்கார். அது யாரோ, அவன் மட்டும் கையைத் தூக்கட்டும். நான் வெளியிலே சொல்லமாட்டேன்."

ஒன்பது ஜோடிக் கண்களும் இறுக மூடின. ஒரு கை உயர்ந்தது. பால் பட்டுக் கறுத்த இன்னொரு கை உயர்ந்தது. பிறகு எல்லாக் கைகளும். இன்னாசிராஜின் கைதான் எல்லாவற்றிலும் உயரமாக இருந்தது. மூடிய கண்ணோடு அவன் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சிவராமகிருஷ்ணனுக்கு அடுத்த வார்த்தையைச் சொல்லவே மனம் வரவில்லை. சொன்னார்.

"கையை இறக்க வேண்டாம். அப்படியே கண்ணைத் திறங்கோ."

திறந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பையன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

எல்லாக் கைகளும் இறங்கிய பிறகும் இன்னாசிராஜின் கை மட்டும் தூக்கியபடியே இருந்தது. சாந்தம்மாள் வட்டத்துக்குள் போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துத் தன் மடிமேல் இறக்கி வைத்துக்கொண்டாள்.