மதகுக்கு மேலண்டை

ஸ்டேஷன் செல்போன் அலறியது.

பாபநாசத்தை அடுத்த அந்தச் சின்னப் போலீஸ் ஸ்டேஷனில், மழை வருமா வராதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த ஏட்டு செந்தில்குமார் எடுத்தார்.

"ஹலோ… யாருங்க?"

ஆண் குரல். வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்.

"திடல் மதகு தெரியுமில்ல… அங்க ஒரு பொண்ணு விழுந்து கெடக்குது. சீக்கிரம் வாங்க."

"மதகுல எங்க?"

"மதகுக்கு மேலண்டை… கொஞ்சம் தள்ளி… தாழம்பொதரு ஓரமா…"

"நீங்க யாரு பேசறது?"

கட்.

ஜீப் பறந்தது. பின்னாலேயே ஆம்புலன்ஸ். நடுப்பகல்தான். ஆனால் வானம் எருமைத் தோலாய் இருண்டு கிடந்தது. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் மேகலா மதகின் மேற்குப் பக்கம் இறங்கினாள். தாழம்புதருக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்த்தார்கள். முள் கிழித்தது. மழை பிடித்துக்கொண்டது. அடுத்த பாலம் வரை போய்த் திரும்பினார்கள்.

பெண்ணும் இல்லை. பெண்ணின் செருப்பும் இல்லை.

"எவனோ வேலையத்தவன் நம்மளை நனைச்சு வேடிக்கை பாக்குறான் ஏட்டய்யா" என்றாள் மேகலா.

"இருங்க மேடம்… அந்தப் பக்கம் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

செந்தில்குமார் மதகைத் தாண்டிக் கிழக்குக் கரையில் நடந்தார்.

நின்றார்.

"மேடம்…"

தாழம்புதரின் அடியில் ஒரு மஞ்சள் துப்பட்டா. கரைக்கல்லில் தலை. தண்ணீரில் கால்.

மேகலா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள்.

கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் இருந்தது. சுடர்விழி. ஆராய்ச்சி மாணவி, புவியியல் துறை.

"போன் வந்த நம்பர் யாருதுன்னு பாருங்க."

செந்தில்குமார் பார்த்தார். அழைத்தார். எங்கேயும் மணி ஒலிக்கவில்லை. ஸ்விட்ச் ஆஃப்.

"மேடம்… நம்பர் இந்தப் பொண்ணு பேர்லயே வருது."

* * *

மறுநாள் காலை.

"இதுல ஒரு வசதி, குற்றவாளி தானா வந்துட்டாரு" என்றாள் மேகலா.

எதிரே உட்கார்ந்திருந்த சான்ட்ரா நிமிர்ந்தாள். நாகப்பட்டினத்துப் பெண். உளவியலில் ஆராய்ச்சி செய்பவள். ஹாஸ்டலில் சுடர்விழியோடு ஒரே அறை. இரவெல்லாம் அழுத கண்கள், வற்றிப்போன குளம் மாதிரி இருந்தன.

"யாரு மேடம்?"

"அவ அப்பா. வீரையன்."

"இல்ல மேடம். அவரு இல்ல."

"எப்படிச் சொல்ற? வாய்க்காலை வெட்டி வயலோட சேத்துக்கிட்டவங்க யார் யாருன்னு பொண்ணு கணக்கெடுத்திருக்கா. அப்பன் வயலையும் விட்டு வைக்கலை. நேத்துக் காலைல டீக்கடையில வெச்சுக் கத்தியிருக்காரு. 'எனக்குப் பொண்ணே பொறக்கலை, வாய்க்காலோட போ'ன்னு. ஊரே கேட்டிருக்கு."

"அது கோவத்துல சொன்னதுங்க."

"மத்தியானம் பொண்ணு வாய்க்காலோட போயிட்டாளே. ராத்திரி இங்க வந்து 'நான்தான் கொன்னேன்'னு உக்காந்துட்டாரு. எப்படிக் கொன்னீங்கன்னு கேட்டா, 'வாயால'ங்கிறாரு. வாயால கொன்னா போடறதுக்குச் சட்டத்துல செக்‌ஷன் இல்லை. ஆனா எங்க மேலிடத்துக்கு 'நான்தான்'ங்கற வார்த்தை போதும். சாயங்காலம் ரிமாண்ட்."

சான்ட்ரா கண்ணை மூடிக்கொண்டாள்.

லீவு நாட்களில் சுடர்விழி வீட்டுக்குப் போனால், அந்த மனிதர் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நுங்கு சீவுவார். 'எனக்கு ரெண்டு பொண்ணு, ஒண்ணு வேளாங்கண்ணி மாதா குடுத்தது' என்பார். அவரை இங்கிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும். அதற்காகத்தான் விடியும் முன்பே பஸ் ஏறியிருந்தாள்.

"சுடர்விழியும் நீயும் சேந்து என்னதான் ஆராய்ச்சி பண்ணீங்க?"

"தண்ணி வரலைன்னா ஜனங்களுக்கு யார் மேல கோவம் வருதுன்னு மேடம். வாய்க்கால் எங்க போவுது, எங்க அடைபட்டிருக்குன்னு சுடர் பாப்பா. கோவம் மனசுல எப்படித் தங்குதுன்னு நான் பாப்பேன். அந்தக் கோவம் எந்தச் சின்னத்துல ஓட்டா விழுதுன்னு ரெஜின் பாப்பான். விவசாயிங்களைப் பேட்டி எடுக்கிறதும் அவன்தான்."

"இதுக்கு டாக்டர் பட்டமா? எங்க டீக்கடை பெஞ்சுல உக்காந்தா ஓசியிலயே சொல்லுவாங்களே." மேகலா ஜன்னல் பக்கம் தலையசைத்தாள். "ரெஜின்னா… வெளிய நிக்கிற தம்பிதானே?"

"ஆமா மேடம். எங்களுக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

"ஓ… சரி. இந்தக் குரலைக் கேளு. வீரையன் குரல்தானான்னு சொல்லு. சுடர்விழி போன்லேர்ந்துதான் பேசியிருக்கான், ஸ்டேஷன் செல்லுல பதிவாயிருக்கு."

"ஸ்டேஷன் நம்பர் சுடர் போன்ல எப்படி மேடம்?"

"வெளியூர் வேலைக்கு வர்றப்ப ஒரு பாதுகாப்புக்குன்னு நான் இல்லாதப்ப இங்க வந்து அவளே வாங்கிட்டுப் போயிருக்கா. கேளு."

குரல் ஒலித்தது.

'…மதகுக்கு மேலண்டை… கொஞ்சம் தள்ளி… தாழம்பொதரு ஓரமா…'

"இன்னொரு தடவை போடுங்க மேடம்."

போட்டாள்.

"இன்னொரு தடவை."

"ஏம்மா, பாட்டா இது?"



"மேடம்… சுடர் எந்தப் பக்கம் கிடந்தா?"

"கிழக்குப் பக்கம். அந்த ஆளு மேலண்டைன்னான். நாங்க மேற்கால போய்த் தேடினோம். பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டான்."

"இந்த ஊர்க்காரங்க மாத்திச் சொல்லமாட்டாங்க மேடம். இலையில எறும்பு ஊர்ந்தாக்கூட 'கீழண்டை பாரு'ம்பாங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் திசை தப்பாது. எங்க ஆராய்ச்சியில ஒரு பகுதியே அதுதான்."

"அப்ப வெளியூர்க்காரனா? வெளியூர்க்காரன் எதுக்கு மேலண்டைங்கிறான்? இடது பக்கம், வலது பக்கம்னுதானே சொல்லுவான்?"

"இந்தப் பேச்சைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவன் மேடம்." அவள் குரல் தேய்ந்தது. "டெல்டாவுல தண்ணி மேற்கேர்ந்து கிழக்கே ஓடும். அதனால தண்ணி வர்ற பக்கம் மேலண்டைன்னு ஒரு கணக்கு. எல்லா இடத்துலயும் சரியா வரும். திடல் மதகுல மட்டும் வராது. அங்க வாய்க்கால் திடலைச் சுத்தி வளைஞ்சு திரும்புது. கொஞ்ச தூரத்துக்குத் தண்ணி கிழக்கேர்ந்து மேற்கே ஓடும்."

மேகலா நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"அதாவது… அவன் தண்ணி வர்ற பக்கத்தைப் பாத்தான். அதை மேலண்டைன்னு நினைச்சுக்கிட்டான்."

"ஆமா மேடம்."

"இந்தத் தப்பை யாரு பண்ணுவா?"



போன வாரம் சுடர்விழி கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தது சான்ட்ராவின் காதில் கேட்டது. 'ரெஜினோட விவசாயிங்களுக்குத் திசையே தெரியலைடி. திடல் மதகுல மேலண்டையிலேர்ந்து தண்ணி வருதாம். எந்த ஊரு விவசாயிடி அது?' அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு நின்றதும் சுடர்விழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சான்ட்ராவின் முகத்தைப் பார்த்துவிட்டு, 'ஒண்ணுமில்ல, தூங்கு' என்று விளக்கை அணைத்துவிட்டாள்.

அந்த விவசாயிகள் இல்லவே இல்லை. அறைக்குள் உட்கார்ந்து அவன் உண்டாக்கியவர்கள்.

சான்ட்ரா ஜன்னல் வழியே பார்த்தாள்.

வாசல் பெஞ்சில் வீரையன். பக்கத்தில் ரெஜின். டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். 'கொஞ்சம் குடிங்கப்பா' என்று கெஞ்சுவது உதட்டசைவில் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டால் அடுத்த மாதம் கல்யாணம். திறந்தால் அந்தக் கிழவர் வெளியே வருவார்.

"ஏம்மா… தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம்." துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "வெளியில டீ ஆத்திக்கிட்டிருக்கான்."

* * *

ரெஜின் உள்ளே வந்தான். சென்னையில் பிறந்து வளர்ந்தவன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போக டிக்கெட் போட்டாகிவிட்டது. கல்யாணமானதும் இரண்டு பேரும் கிளம்ப வேண்டும்.

"என்ன சாண்டி? முடிஞ்சுதா? நீ ஒண்ணும் சாப்பிடலை, வா."

"ரெஜின்… நீ திடல் மதகுல எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்திருக்கல்ல?"

"ஆமா."

"அங்க மதகு மேல நின்னா மேலண்டை எது?"

"இதென்ன இப்ப?"

"சொல்லேன்."

"தண்ணி வர்ற பக்கம். மேற்கு."

"அங்க தண்ணி கிழக்கேர்ந்து வருது ரெஜின்."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு மட்டும் கொஞ்சம் கோணியது.

மேகலா செல்லை மேஜையில் வைத்துத் தட்டினாள். கைக்குட்டைக் குரல் அறையெங்கும் பரவியது. மேலண்டை… மேலண்டை…

"நான் இல்லை" என்றான்.

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

பார்த்தான். முடியவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தள்ளணும்னு தள்ளலை சாண்டி… அவதான் என்னை அங்க கூட்டிட்டுப் போனா. தண்ணியைக் காட்டி, 'இதுல என்ன தப்புன்னு சொல்லு'ன்னா. எனக்குத் தெரியலை. 'உன் விவசாயிங்க யாரும் இங்க வந்ததே இல்லை, நீயும் வந்ததில்லை'ன்னா. ரெண்டு வருஷமா எல்லாம் கதையான்னு கேட்டா. கைடுகிட்ட நீயே போய்ச் சொல்லிடுன்னா…"

"எங்கிட்ட ஏன் சொல்லலை அவ?"

"'சான்ட்ராகிட்ட நான் சொல்லமாட்டேன். சொன்னா உடைஞ்சு போயிடுவா. கல்யாணத்துக்கு முன்னாடி நீயா சொல்லு'ன்னா. நான் தோளைப் பிடிச்சேன். உதறினா. நானும் உதறினேன்… கல்லுல விழுந்துட்டா."

சான்ட்ரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓடிப்போயிடல சாண்டி. மூச்சு இருந்துச்சு. அவ செல்லு கையிலயே திறந்து கிடந்தது, அதுலேர்ந்துதான் போன் பண்ணேன். காப்பாத்தத்தான் பண்ணேன். பண்ணிட்டுத்தான் செல்லைத் தண்ணில போட்டேன்."

"கூட நின்னிருக்கலாமே தம்பி" என்றாள் மேகலா.

"நின்னா எல்லாம் போயிடும் மேடம். அதான் ஊர்க்காரன் மாதிரி பேசினேன். ஆம்புலன்ஸ் வந்துச்சு, தூரத்துலேர்ந்து பாத்தேன். சரி, பொழைச்சிடுவான்னு நினைச்சுத்தான் பஸ் ஏறினேன். ஹாஸ்டலுக்கு வந்தப்பறம்தான் சொன்னாங்க… நீங்க வர்றதுக்குள்ள போயிட்டான்னு."

மேகலா எழுந்து அவன் எதிரே வந்து நின்றாள். இதுவரை இருந்த கிண்டல் குரலில் இல்லை.

"நாங்க வந்தப்ப அவ போகலை."

"என்ன…?"

"காலைல பெரியாஸ்பத்திரி டாக்டர் பேசினாரு. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் போயிருக்கு. நாங்க மேற்குக் கரையில பொதர் பொதரா விலக்கிக்கிட்டிருந்தப்ப, கிழக்குக் கரையில அவ மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்கா. ஆம்புலன்ஸ் மதகுலயே நின்னுச்சு. சைரனைக்கூடக் கேட்டிருப்பா."

ரெஜின் தலையை இடமும் வலமும் ஆட்டினான். இல்லை, இல்லை என்று.

"வாயில வந்தபடி 'இடது பக்கம்'னு சொல்லியிருந்தா போதும்டா. இந்நேரம் ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக்கிட்டு உன்னைத் திட்டிக்கிட்டிருப்பா. உன்மேல ஒரு அடிதடிக் கேஸ், அவ்வளவுதான்."

அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. மனிதச் சத்தம் மாதிரி இல்லை அது.

சான்ட்ரா அவன் பக்கம் குனியவில்லை. குனியத் துடித்த கையை மட்டும் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

செந்தில்குமார் வந்து அவன் தோளைத் தொட்டார்.

"எழுந்திரு தம்பி."

* * *

வாசல் பெஞ்சில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"அப்பா… வீட்டுக்குப் போலாம்ப்பா. நீங்க பண்ணலை. ரெஜின் தள்ளிட்டான். ஒத்துக்கிட்டான்."

வீரையன் அவளை அண்ணாந்து பார்த்தார். 

"அந்தத் தம்பியா? டீ வாங்கியாந்து குடுத்துச்சே…"

"ஆமாப்பா."

"உனக்குப் பாத்த மாப்பிள்ளை அதுதானே ஆயி?"

சான்ட்ரா தலையாட்டினாள்.

அவர் கையை அவள் தலையில் வைத்தார். பெண்ணைப் பறிகொடுத்தவர், பெண்ணைப் பறித்தவனுக்கு வாழ்க்கைப்பட இருந்தவளுக்காக அழுதார்.

"இருந்தாலும் நான் சொன்ன சொல்லு இருக்கேம்மா… வாய்க்காலோட போன்னு…"

வெறும் சொல் ஆளைக் கொல்லாதுப்பா என்று சொல்ல வாயெடுத்தாள்.

சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அவள் செல் ஒலித்தது. நாகப்பட்டினத்திலிருந்து அம்மா, சகாயம்மாள்.

"ஏன்டி, எங்க இருக்க? பங்குச்சாமியார் வீட்டுக்கே வந்துட்டாரு. ஞாயித்துக்கிழமை பூசையில உங்க கல்யாண ஓலை வாசிக்கப் போறாங்களாம். தடை ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடணுமாம். வழக்கமா எல்லாரையும் கேக்கறதுதான். ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடட்டா?"

உள்ளே லாக்கப் கதவு இழுபட்டு மூடுகிற சத்தம் கேட்டது.

"தடை இருக்குன்னு சொல்லும்மா."

"என்னடி சொல்ற? மாப்பிள்ளை எங்க?"

சான்ட்ராவின் கன்னத்தில் கண்ணீர் தன் போக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"மாப்பிள்ளை அவசரப்பட்டுட்டாரும்மா… தாலி கட்டறதுக்கு முன்னாடியே மாமியார் வீட்டுக்குப் போயிட்டாரு."